மழைக்குப் பிந்திய இரட்டை ஆட்டம்

பிப்ரவரியில் அட்டவணை வந்ததுமே
வக்கீல் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள்.
வெள்ளி லவோனுக்கு, சனி கிளைடுக்கு,
ஞாயிறு வாரம் மாற்றி வாரம்.
வீடும் நாயும் அதற்கு முன்பே பிரிந்தாயிற்று.

பன்னிரண்டாம் வரிசை, ஒன்பதும் பத்தும்.
மூன்றாம் பேஸுக்குப் பின்னால்
நாலு மணிக்கு மேல் நிழல் விழும் இடம்.
துணியும் வாளியுமாய் நான் இங்கே ஏழு வருஷம்.
அவள் வரும் நாளில் பத்தில் கைப்பை உட்காரும்.
அவன் வரும் நாளில்
ஒன்பதெல்லாம் வேர்க்கடலைத் தோல்.

ஏப்ரலில் ஒரு வெள்ளி.
ஆர்கன்சா மழை தார்ப்பாயை விட்டு நகரவில்லை.
ஆட்டம் மறுநாளுக்குப் போனது,
ஒரே பகலில் இரண்டு.

அவளுடைய ஆட்டம்
பதின்மூன்றாம் இன்னிங்ஸ் வரை இழுத்தது.
படிக்கட்டில் கிளைட்,
அடுத்த ஆட்டத்துச் சீட்டோடு.
விடக்கூடாதுதான்.
நான் திரும்பிக்கொண்டு
துடைத்த கைப்பிடியையே துடைத்தேன்.

கைப்பை மடிக்குப் போனது.

"ஸ்கோர்?"

"நம்மாளுங்க தோக்குறாங்க" என்றாள்,
மைதானத்தைப் பார்த்தபடி.

நம்மாளுங்க.
கடலைப் பொட்டலம் பிரியும் சத்தம் கேட்டது.
நாளைக்கு இரண்டையும் கூட்ட வேண்டும்.