ரெண்டாவது கியர்

காங்கேயத்தில் கிளம்பும்போது வெயில்.
சுள்ளென்று இல்லை,
சலவைக்குப் போய்வந்த ஐப்பசி வெயில்.
எட்டாயிரத்துக்குப் பழசாய் வாங்கிய சைக்கிளில்
ஆறு கியர் உண்டு, நான்குதான் விழும்.
முன்னே கலைமணி, பின்னே நான்.
இருவருக்கும் ஒரே டாக்டர், ஒரே சர்க்கரை,
ஒரே ஞாயிற்றுக்கிழமை.

தாராபுரம் ரோட்டை விட்டு
இட்டேரியில் இறங்கியதும்
லாரிச் சத்தம் மட்கார்டு போலக் கழன்று
பின்னால் விழுந்தது.
இருபக்கமும் கிளுவை வேலி.
உள்ளே கொழுக்கட்டைப்புல்
போன வார மழைக்கு முட்டி உயரம் வந்திருந்தது.
மேய்ந்துகொண்டிருந்த மயிலைக் காளை
தலைதூக்கி எங்களைக் கணக்கெடுத்தது:
இரண்டு. வேலையில்லாதவை.
மறுபடி புல்.

ஊதியூர் மலை இடப்பக்கம் இருந்தது.
ஒரு வளைவு கழித்து வலப்பக்கம் இருந்தது.
மலை நகராது என்று
இட்டேரிக்குள் யாரும் சத்தியம் செய்ய முடியாது.

"கெழக்கால பாருங்க்கா."

பார்த்தேன்.
அடுப்புச் சாம்பலில் தண்ணீர் ஊற்றிய நிறம்.
அதன்மேல் காற்றாலைகள் மட்டும் வெள்ளையாய்,
ஒன்று சுற்ற, ஒன்று நிற்க,
ஒன்று சுற்றலாமா என்று யோசிக்க.

"அது கரூருக்குப் பெய்யற மழை" என்றேன்.
மழை எப்போதும் பக்கத்து ஊருக்குத்தான் பெய்யும்,
சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

முதல் துளி சைக்கிள் மணியின் மேல் விழுந்தது.
அடித்த மாதிரியும் இருந்தது,
அடிக்காத மாதிரியும்.
அப்புறம் எண்ண நேரமில்லை.
மண்வாசம் எழுவதற்குள் வாசமே நனைந்துவிட்டது.
கண்ணாடியைக் கழற்றினால் பாதை தெரியவில்லை,
மாட்டினால் மழை மட்டும் தெரிந்தது.
சேற்றுக்குப் பயந்து ரெண்டாவது கியர் போட்டேன்.
சங்கிலி தொங்கிவிட்டது.

வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு களம்.
ஆயிரக்கணக்கில் தேங்காய் மூடிகள்
வானத்தைப் பார்த்து வாய்பிளந்து கிடக்க
நான்கு பேர், ஒரு நீலத் தார்ப்பாய்.
காற்று அதைத் தன்னுடையது என்றது.
"ஏனுங், அந்த மொனையப் புடிங்!"
எங்களைச் சொன்னார்களா தெரியாது.
பிடித்தோம்.

தார்ப்பாய் உப்பி மேலே இழுத்தபோது
ஒரு நொடி என் எடை எனக்கே இல்லை,
டாக்டர் பார்த்திருக்க வேண்டும்.
விளிம்பெல்லாம் பழைய டயர் வைத்தார்கள்.
ஒரு மூலைக்கு டயர் போதவில்லை.
என் சைக்கிளைப் படுக்கப் போட்டோம்,
வாங்கியதிலிருந்து அது பார்த்த
முதல் உருப்படியான வேலை.

உடனே வெயில்.
கேலி செய்கிற வெயில்.

பாவாத்தாளக்கா தலைத்துண்டைப் பிழிந்தார்.
"மூடுனா வேகுது, தெறந்தா நனையுது.
ஒன்றரை நாளா இதே பொழப்பு.
நீங்க எங்கிங் போறீங்?"
"எங்கயும் இல்லீங், சும்மா."
அந்தச் சும்மாவை அவர் கையில் வாங்கி
எடை பார்த்தது போல இருந்தது.
பாதி காய்ந்த பருப்பொன்றை உடைத்துக் கொடுத்தார்.
இனித்தது. சாப்பிட்டோம்.

ஒடிசாக்காரப் பையன் ரஞ்சன்
கேட்காமலேயே குந்தி
எண்ணெய்க் கையால் சங்கிலியை மாட்டினான்.
அவனுக்குத் தமிழ் பத்து வார்த்தை,
எனக்கு ஒடியா ஒன்றுமில்லை.
சைக்கிள் எல்லா பாஷையிலும்
ஒரே இடத்தில்தான் கழலும் போல.

கிளம்பினோம்.
சட்டையின் முன்பக்கம் காய, முதுகு ஈரம்.
மரவட்டை ஒன்று பாதையை
அவசரமில்லாமல் கடக்கும்வரை நின்றோம்.
பின்னால் தார்ப்பாய் பிரிக்கும் சத்தம்,
மடமடவென்று,
அப்புறம் அதைவிடப் பெரிதாய்
கிழக்கிலிருந்து ஒரு மடமட.

கலைமணி பிரேக் பிடித்தாள்.
நானும்.
இதற்கு ஏன் பேச வேண்டும்?
இட்டேரியின் அகலத்தில்
சைக்கிளைத் திருப்ப முடியாது.
இறங்கி, பின்சக்கரத்தைத் தூக்கி,
கிளுவை முள் கையில் கீற,
திருப்பினோம்.