நாலில் ஒன்று

ஒரிஸ்தானோ ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
மரபணு மருத்துவர் தாளில் நாலு வட்டம் போட்டாள்.
ஒன்றை வெள்ளையாக விட்டாள்.
இரண்டைப் பாதி தீட்டினாள்.
ஒன்றை முழுக்க.
அந்த ஒன்றில் பேனா
கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது.

லுஸ்ஸோரியோ ஏரியில் மீன் பிடிப்பவன்,
கூடை கூடையாய் எண்ணிப் பழகியவன்.
"இது முதல் குழந்தைதானே,
நாலாவதுக்கல்லவா பயப்பட வேண்டும்?" என்றான்.
அவள் சிரிக்கவில்லை.
ஒவ்வொரு முறையும் புதிதாக, என்றாள்.
கருப்பைக்குக்
கணக்கு எழுதி வைக்கும் வழக்கமில்லை.

எங்கள் இருவர் ரத்தத்திலும்
ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை.
இந்தக் கரையெல்லாம் சதுப்பாய்க் கிடந்து
மலேரியா வீடு வீடாய் வாரிக்கொண்டு போன நாளில்
அந்தப் பிழை இருந்தவர்கள்தாம்
பிழைத்தார்களாம்.
சதுப்பை வடித்தாயிற்று. கொசு போயிற்று.
காவலுக்கு வந்தது மட்டும்
ஊர் திரும்பவில்லை.

கீழே வண்டியோடு அண்ணன் அந்தியோகோ.
அவனுக்கும் இன்று ரத்தம் ஏற்றும் நாள்,
மூன்று வாரத்துக்கு ஒருமுறை,
முப்பத்தெட்டு வருஷமாக.
அவன் கண்ணில் படாமல் தாளை மடித்தேன்.
பார்த்துவிட்டான்.
"என் படமா? மூக்கு சரியாக வரவில்லையே."

வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை.
கப்ராஸ் பாலம் தாண்டும்போது கேட்டேவிட்டேன்:
ஒருவேளை அப்படி என்றால்?
கியர் மாற்றினான்.
"என்னைக் கேட்காதே.
இந்த வழக்கில் நான் கட்சிக்காரன்."

பதினோராம் வாரம். வயிற்றில் ஊசி.
அசையாதீர்கள் என்றார்கள்.
நான் அசையவில்லை.
திரையில் அதுதான் அசைந்தது,
கட்டைவிரல் அளவு,
யாரையோ கூப்பிடுவதுபோல.
குழாயில் வந்தது
பாசித் துணுக்கு மாதிரி ஏதோ கொஞ்சம்.
அதில் எல்லாம் எழுதியிருக்குமாம்.
அண்ணனின் பெயர்
எழுதியிருக்காது.
வண்டி ஓட்டும்போது அவன் விசிலடிப்பதும்,
கடன் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாததும்.

பத்து நாள்.
லுஸ்ஸோரியோ மீன்முட்டைக்கு உப்புத் தடவினான்,
தேவைக்கு அதிகமாகவே.

ஒன்பதாம் நாள் சாப்பாட்டு மேசையில் மூவர்.
போன் அடித்தது.
லுஸ்ஸோரியோ கையெல்லாம் உப்பு.
என் கை என் மடியில்.

அந்தியோகோ
சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டு
எழுந்தான்.
யாரும் போகச் சொல்லவில்லை.
கொல்லைக் கதவைச்
சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.