எண்ணூறு பேர்

எங்கள் ஊரில் எண்ணூறு பேர்.
மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரே தெரு.
அவன் மீட்புப் படையில் இருக்கிறான்.
பனிச்சரிவில் புதைந்த என் தம்பியை
நீளக் கம்பியால் குத்திக் குத்தித் தேடி
உயிரோடு இழுத்துப் போட்ட கைகளில்
இரண்டு அவனுடையவை.
அதே கைகள்.

யாரிடம் போய்ச் சொல்ல?
காவலர் அவனுடைய சித்தி மகன்.
செவிலி அவனோடு பள்ளிக்குப் போனவள்.
பாதிரியார் நல்லவர்தான்;
போன கோடையில் அவர் வீட்டுக் கூரையை
அவன்தான் மாற்றிக் கொடுத்தான், காசு வாங்காமல்.

நீச்சல் குளத்துக்குப் போவதை நிறுத்தினேன்.
ஐஸ்லாந்தில் அது வாக்குமூலத்துக்குச் சமம்,
ஒருவரும் வாசிக்கவில்லை.
இறங்குமுன் துணியில்லாமல் குளித்தாக வேண்டும்,
எல்லோரோடும், வெளிச்சத்தில்.
காதில் சீழ் என்றேன்.
ஒன்பது வருடம் ஆறாத சீழ்.

முதலில் சொன்னது அக்கா ஹல்பேராவிடம்.
காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.
"அன்றைக்கு எவ்வளவு குடித்திருந்தாய்?"
பிறகு மெதுவாக, "அவனா? நிச்சயமாகவா?"
பிறகு தம்பியின் பெயர். வெறும் பெயர் மட்டும்.
குடித்தேன். சூடு தெரியவில்லை.
அதன்பின் நான்கு வருடம் மீன் மட்டும் அறுத்தேன்.

இரண்டாவது, யாத்விகா.
போலந்துக்காரி, தொழிற்சாலையில் எனக்கு எதிர் வரிசை.
எங்கள் மொழியில் இருநூறு சொல் தெரியும்,
பாதி மீனின் உறுப்புகள்.
முள்ளை உருவிக்கொண்டே,
ஏன் அன்றைக்கென்று தெரியாது, சொல்லிவிட்டேன்,
வேற்றுமை உருபெல்லாம் உதிர்த்து, அவளுக்குப் புரியும்படி.
ஏன் இத்தனை நாள் என்று கேட்கவில்லை அவள்.
கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.
பட்டை நின்றது.
முப்பது கத்திகள் நின்றன.
ஓடிவந்த மேலாளரிடம், "இயந்திரம் கெட்டது" என்றாள்.
என்னிடம், அதே இலக்கணத்தில்:
"நீ கெட்டது இல்லை."

ஆறிவிட்டேன் என்று எழுத ஆசைதான்.
செவ்வாய்தோறும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப்போய்
ஒரு பெண்ணின் எதிரே உட்காருகிறேன்;
சில வாரம் வானிலை மட்டும் பேசுகிறோம்.
குளத்து வாசல்வரை மூன்று முறை போனேன்.
நான்காம் முறை உள்ளே.
தரை ஓடுகளைப் பச்சையாக மாற்றியிருந்தார்கள்.
ஐந்தாம் முறை வாசலோடு திரும்பினேன்.

ஆண்டு முடியும் இரவு.
வாணம் விற்பது மீட்புப் படை;
அந்தப் பணத்தில்தான் அவர்கள் வண்டிக்கு எண்ணெய்.
அவனிடம் வாங்காத வீடில்லை.
நள்ளிரவில் எண்ணூறு பேரின் நன்றி
ஒன்றாய் வெடிக்கும், மலை சிவக்கும்.
வழக்கம்போல் விளக்கணைத்துச் சன்னலருகே நின்றேன்.
இந்த முறை ஒரு கூரைக்கு மேல் மட்டும்
வானம் கறுப்பாகவே இருந்தது.
பன்னிரண்டேகால் வரை பார்த்தேன்.
ஹல்பேராவின் வீடு.
முற்றத்தில் அவள், கைகள் கோட்டுப் பைக்குள்;
நம்முடையது எங்கே என்று
பிள்ளைகள் அவளை இழுத்துக்கொண்டிருந்தன.

என் சன்னல் பக்கம் அவள் திரும்பவில்லை.
மறுநாள் வந்தாள். காபி குடித்தோம்.
அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.