ஓக் கொட்டை வழக்குகள்

என் கையெழுத்து அழகு.
அதனால்தான் வால்தெசீனா ஊர் நீதிமன்றத்தில்
எனக்கு வேலை.

முப்பத்து நான்காம் ஆண்டு, நவம்பர்.
எலூதேரியா, விதவை.
முன்றானைத் துணியின் மடிப்பில் நாலரைக் கிலோ ஓக் கொட்டை.
தராசை நான்தான் பிடித்தேன்.
பன்றிகள் மேய்ந்து போன பிறகுதான் நுழைந்தேன் என்றாள்,
அவை தின்னாமல் விட்டதைத்தான் எடுத்தேன் என்றாள்.
"தின்னாமல் விட்டதும் பன்றிகளுடையதே"
என்றார் காரியஸ்தர் தோன் சிப்ரியானோ.
அபராதம் ஏழு பெசேத்தா.
வேலை கிடைக்கும் நாளில் கூலி மூன்று.
வேலை கிடைக்கும் நாள் எது என்று யாரும் கேட்கவில்லை,
பதிவேட்டில் அதற்குக் கட்டமும் இல்லை.

நிலம் நாலாயிரம் ஹெக்டேர்.
அதன் உடைமையாளரை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன்,
கார்க் கண்ணாடிக்குப் பின்னால்
ஒரு வெள்ளைக் கையுறையாக.
நிலத்தைப் பகிரலாம் என்று மாத்ரிதிலிருந்து ஒரு சட்டம் வந்தது.
அளக்க வந்த பொறியாளர் மூன்று நாள் தங்கினார்,
பெருவீட்டில் சாப்பிட்டார்,
சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார்.
பிறகு ஆட்சி மாறியது.
வேலை கேட்டு சதுக்கத்தில் நின்றவர்களிடம்
"குடியரசு வேண்டும் என்றீர்களே, அதைத் தின்னுங்கள்"
என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்கள்.

பொறுக்கக் கூடாது என்றது நீதிமன்றம்.
பொறுக்க வேண்டும் என்றார் பாதிரியார்.
பொறுக்கிகள் என்றது பெருவீடு.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
ஓர் ஊரை இத்தனை காலம் ஓட்டியிருக்கிறோம்.

அடுத்து வந்த தேர்தலுக்குப் பின், ஒரு மார்ச் விடியலில்
கோவேறு கழுதைகளும் கலப்பைகளுமாய்
அறுபது குடும்பங்கள் கல்வேலியைத் தாண்டின.
யாரும் கத்தவில்லை. குழந்தைகள்கூட.
எலூதேரியாவின் மகன் அபுந்தியோ
(மிகுதி என்று பொருள் அந்தப் பெயருக்கு)
முதல் சால் ஓட்டினான்.
என் எழுத்தைவிட நேராக இருந்தது.

போர் ஜூலையில் தொடங்கியது என்கிறார்கள்.
வானொலியில் நானும் கேட்டேன்.
இருக்கலாம்.

ஆகஸ்டில் லாரிகள் வந்தன.
தளபதிக்குப் பெயர்ப் பட்டியல் வேண்டும்,
தெளிவான எழுத்தில்.
தாள் விற்கும் கடை பூட்டியிருந்தது.
பழைய பதிவேட்டின் பின்பக்கங்கள் காலி.
பெயர்களைத் தேடி அலையவில்லை,
முன்பக்கம் புரட்டினால் போதும்.
எடைக்கான கட்டத்தையும் அபராதத்துக்கான கட்டத்தையும் மட்டும்
வெறுமையாக விட்டேன்.

அபுந்தியோவின் பெயரில் மை கொஞ்சம் படர்ந்துவிட்டது.
திருத்தமாக எழுது என்றார் தளபதி.
எழுதினேன்.