லாட் 117

பகாவ் டவுனுக்கு வெளியே, பழைய பஸ் பணிமனை தாண்டி
லோ தவுக்கேயின் தகரக் கொட்டகையில்
தோட்டாப் பெட்டி செய்கிறோம்.
கேட்பவர்களிடம் சொன்னால்
தோட்டப் பெட்டி என்றே காதில் வாங்குகிறார்கள்.
ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்.
நான் திருத்துவதில்லை.

பால் வற்றி வெட்டின ரப்பர் மரம்
பலகையாக வந்து இறங்கும்,
உரித்த கோழி நிறத்தில்.
அதை எழுபது வருடம் பழசாக்க
எனக்கு ஒன்றரை நாள் ஆகும்.
கோப்பி வண்டல் ஒரு பூச்சு, தேயிலைச் சாயம் இரண்டு,
மூலைகளுக்குச் சங்கிலி அடி.
உப்புத் தண்ணீரில் போட்ட ஆணி
வெள்ளிக்கிழமைக்குள் துருப் பூத்துவிடும்.
கயிற்றுக் கைப்பிடி சொஹேலின் வேலை.
டாங்காயிலில் அவன் மாடு கட்டிய முடிச்சு அது;
வாங்குபவர்கள் பட்டாள முடிச்சு என்று மெச்சுகிறார்கள்.

அவர்களில் இரண்டு சாதி, தவுக்கே சொல்லித் தெரியும்.
அலமாரியில் வைத்து வெறுமனே பார்ப்பவர் ஒருவர்.
இன்னொருவர், சுட்டு உதிர்ந்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி
கழுவி, மருந்து நிரப்பி, புது ஈயம் சொருகி
மறுபடி தோட்டா ஆக்குபவர்.
மறுநடவு மாதிரியா, என்றேன்.
சொஹேல் சிரித்தான்,
எதற்கென்று தெரியாமல்.

எழுத்து வெட்டும் தகடு என் பொறுப்பு.
அளவு, ஆண்டு, அம்புக்குறி எல்லாம் படத்தில் இருந்தது.
லாட் எண் மட்டும் மங்கல்.
"சுக்கா ஹாத்தி லா, பூங்காவனம்" என்றார் தவுக்கே.
நூற்றுப் பதினேழு போட்டேன்.

தோட்டம் கைமாறின வருடம்
ஆபீஸ் வாசலில், மைலோ டின்னுக்குள் கைவிட்டு
நான் எடுத்த சீட்டு.
வீட்டு மனை எண். மஞ்சள் தாள், ஊதா முத்திரை.
இரண்டு அறை, பின்னால் ஒரு வாழைக்கன்று என்று
அன்று ராத்திரியே
கணக்குப் போட்டுவிட்டோம்.
சீட்டு இருக்கிறது.

கிள்ளானுக்கு லோரி போன அன்று
சாலைத் தடுப்பில் நிறுத்தினார்கள்.
மூடியில் இருந்ததைப் படித்ததும்
இளவட்டக் கான்ஸ்டபிள் இரண்டடி பின்னால் போனான்.
முனியாண்டி அண்ணன் இறங்கி
நாற்பது மூடியையும் திறந்து காட்டினார்.
நாற்பதிலும் காற்று.
சார்ஜண்ட் ஒன்றை மடியில் வைத்து
திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.
தூண்டில் சாமான் வைக்க நல்லாயிருக்கும், என்ன விலை?
அண்ணன் விலை சொல்லவில்லை.
கிள்ளானுக்கு முப்பத்தொன்பது போய்ச் சேர்ந்தது.

போன மாதம் ஒரு கனடாக்காரர் எழுதியிருந்தார்.
மூடிக்கு ஆணி ஆறு அல்ல, ஐந்து.
சரி, குறைத்தோம்.
அதோடு விடவில்லை.
அந்த ஆண்டு, அந்தத் தொழிற்சாலையில்
நூற்றுப் பதினேழு என்று ஒரு லாட் இருந்ததே இல்லையாம்.
பதிவேடு முழுக்கப் புரட்டிவிட்டாராம்.
இந்த எண் எங்கிருந்து வந்தது?

தவுக்கே மலாயில் படித்துச் சொல்லி
என்னைப் பார்த்தார்.

பதிவில் இல்லை.
நில அலுவலகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணும்
இதையேதான் சொன்னாள், எதையும் புரட்டாமல்.
இந்த மனிதர்
தேடியிருக்கிறார்.

இதுவரை முந்நூற்றாறு பெட்டி.
பனி கொட்டும் ஏதோ ஒரு வீட்டின் கீழறையில்
துடைத்து, விளக்குப் போட்டு
என் மனையை வைத்திருக்கிறார்கள்.

நாலு இலக்கத்தில் புதுத் தகடு வெட்டச் சொன்னார். வெட்டினேன்.
பழையதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.
எண் இருந்த இடமெல்லாம் ஓட்டை.
ஒன்றின் வழியே லோரியின் சக்கரம்,
ஏழின் வழியே
சொஹேலின் சைக்கிள் மணி.

"அவனுக்கு என்ன எழுத?" என்றார் தவுக்கே.
மைலோ டின்னிலிருந்து வந்தது என்று எழுதுங்கள் என்றேன்.
எழுதினாரா, தெரியாது.
ஐந்து ஆணி போதும் என்றவர்
அடுத்த வாரம் பன்னிரண்டு பெட்டி கேட்டிருக்கிறார்.
பழைய எண்ணிலேயே.