வரப்பெற்ற நாள்

முப்பது நாள் கெடு
பன்னிரண்டாம் தேதி வெள்ளியோடு முடிந்தது.
நாடிமுத்துவின் தபால் திங்கட்கிழமை வந்தது,
பதினைந்து.
பழுப்பு உறை, ஓரம் நனைந்து
ஒரு பக்கம் பசை விட்டிருந்தது.

சர்வே எண் 212/3பி, நஞ்சை,
குடியிருப்பாக மாற்றுவதில் ஆட்சேபணை உள்ளவர்கள்
எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று
தகவல் பலகையில் ஒட்டியது நான்தான்.
சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருக்கிறது அந்தப் பலகை.
படித்தவர்கள் நானும்
பசை டப்பாவைப் பிடித்திருந்த மஸ்தூரும்.
பிறகு ஒரு ஆடு வந்து
கீழ்ப்பாதியைத் தின்றது.

ஐயா என்று தொடங்கி
நேரே விஷயத்துக்கு வந்திருந்தார் நாடிமுத்து.
"மனை போடுற எடத்துக்குக் குறுக்கே ஏழுமாக் கன்னி ஓடுது.
சர்வேயர் வந்தது சித்திரையில. வாய்க்காலே இல்லேங்குறார்.
ஆடிப் பதினெட்டு கழிச்சு வந்து பாக்கச் சொல்லுங்க.
என் மூணு மா அதுலதான் பாயுது.
ஐப்பசியில மேலத்தெருத் தண்ணி பூரா அதுலதான் வடியுது."
கையெழுத்துக்குக் கீழே செல் நம்பர்,
ஒரு இலக்கம் குறைவாக.

மனைப்பிரிவின் பெயர் பொன்னி அவென்யூ.
நாற்பத்தேழாம் மனை என்னுடையது.
பதினோரு தவணை கட்டியாயிற்று,
இன்னும் இருபத்தைந்து.

நாங்கள் குடியிருக்கும் சந்தில்
குழாய் நாலரைக்கு வந்து ஐந்துக்குள் நின்றுவிடும்.
கடைசி வீடு என்பதால்
எங்களுக்கு முதலில் காற்று வரும்,
அப்புறம் துரு,
அப்புறம் நாலு குடம்.
அந்த நாலையும் தமயந்தி
வாய் திறக்காமல் பிடிப்பாள்,
பேசினால் நின்றுவிடும் என்பதுபோல.
பொன்னி அவென்யூவில்
அறுபதாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி,
ப்ளூபிரிண்டில் ஒரு வட்டம்.
எத்தனை முறை அதை விரலால் தொட்டிருக்கிறேன்.

காலம் கடந்து வந்தது என்று எழுதிக்
கோப்பில் செருகினால்
யாரும் கேட்கப்போவதில்லை.
'ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை.'
அந்த வரி முன்பே தட்டச்சாகியிருந்தது.

தேதி முத்திரையின் சக்கரத்தில்
பதினைந்திலிருந்து பன்னிரண்டுக்கு
மூன்று பல்.
கட்டைவிரல் தள்ளியது.
நான் என்று சொல்லமாட்டேன்.

இருபத்தாறாம் தேதி மன்றக் கூட்டம்.
பொருள் எண் ஒன்பது.
எட்டு தெருவிளக்கு, பத்து கொசு மருந்து,
நடுவில் போண்டா வந்தது.
பதினோராவது வார்டு செங்கமலம் மட்டும்
"அந்தக் கன்னி எங்க போவும்?" என்றார்.
"ஓரமா வடிகால் கட்டித் தருவாங்கம்மா" என்றார் தலைவர்.
"எத்தன அடி?"
"ரெண்டு."
செங்கமலம் எழுந்து
இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.
பக்கத்து உறுப்பினர் தன் போண்டாத் தட்டை நகர்த்திக்கொண்டார்.
விரித்த கையை
நடவடிக்கைக் குறிப்பில் எப்படி எழுதுவது?

ஏழுமாக் கன்னி வாய்க்கால் தொடர்பாகத் திரு. நாடிமுத்து அளித்த ஆட்சேபணை
பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது,
ஒப்புதல் வழங்கி மேலனுப்பத் தீர்மானிக்கப்பட்டது
என்று எழுதினேன்.
அந்த வாய்க்காலின் பெயர்
எங்கள் ஆபீஸ் காகிதத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை.
எழுத்துப்பிழை இருக்கிறதா என்று
இரண்டு முறை பார்த்தேன்.

"தண்ணி வருமா அங்க?" என்றாள் தமயந்தி.
வரும் என்றேன்.

அடுத்த மாதம் எனக்கு மெமோ.
முத்திரையைத் திரும்பச் சுழற்ற மறந்திருக்கிறேன்.
அதே திங்கட்கிழமை மாலை
ஒருவர் கொண்டுவந்து நீட்டிய பிறப்புப் பதிவு விண்ணப்பம்.
பெண் குழந்தை, ஞாயிறு, பதினான்கு, விடியற்காலை.
வரப்பெற்ற நாள் பன்னிரண்டு.
பிறக்காத குழந்தைக்கு மனு வந்தது எப்படி,
மூன்று தினங்களுக்குள் விளக்கம் தருக.

212/3பி பற்றி ஒரு வரி இல்லை.

சக்கரம் பழுது என்று எழுதிக் கொடுத்தேன்.
ஸ்டோரிலிருந்து புது முத்திரை வந்திருக்கிறது.
இதில் பல் கொஞ்சம் இறுக்கம்.
ஒரு சொட்டு எண்ணெய் விட்டால்
சுழலும்.