அவுரி காத்திருக்காது

மருதாணியை நேற்று இரவே கரைத்துவைத்தேன்,
திக்கான தேயிலைச் சாற்றில்
மாதுளைத் தோல் ஒரு பிடி இடித்துப் போட்டு.
அதற்கு அவசரமில்லை. எத்தனை மணி நேரமும் ஊறும்,
பெண் பார்க்க வந்தவர்கள் போல
எழுந்திருக்கவே எழுந்திருக்காது.
அவுரி அப்படியில்லை.
வெந்நீர் பட்டதும் கணக்கு தொடங்கிவிடும்:
பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து.

கெர்மானில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில்
என் கடை. இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி.
எஷ்ரத் வந்தாள்.
பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு கிழிப்பவள்.
புதிதாக வந்த மேலாளன்
அவளை "அம்மா" என்றானாம்.
"அவனைவிட ஆறு வயதுதான் கூட, தூபா.
இன்றைக்கே கறுப்பாக்கு."
முக்காட்டுக்கு வெளியே தெரிவது
இரண்டு விரல் அகலம்.
அந்த இரண்டு விரலுக்காக
முழுத் தலையையும் தந்தாள்.

மூன்று மணி நேரம் கழித்து அலசினேன்.
நரை இருந்த இடமெல்லாம் நெருப்பு.
கண்ணாடியைப் பார்க்காதே என்றேன்,
இது பாதி வழி.
பக்கத்து நாற்காலியில் மஹ்தாப்,
வால்நட் தோல் கஷாயத்தில் தலை நனைந்து
கைப்பேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.
கிண்ணத்தில் அவுரியைக் கலக்கினேன்,
ஒரு சிட்டிகை உப்பு.
பச்சைப் பட்டாணி வாசனை எழுந்தது.
தூரிகையைத் தொட்டேன்.

கண்ணாடி முதலில் பேசியது.
பிறகு தரை.

படிகளில் எப்படி இறங்கினோம், தெரியாது.
தெருவில் நின்றோம்:
பிளாஸ்டிக் உறை மாட்டிய தலை ஒன்று,
ஈரச் சிவப்பு ஒன்று,
கையுறையோடு நான்,
கையில் கிண்ணம்.
வீட்டுப் பத்திரத்தை விட்டுவிட்டு
அவுரியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

எதிர்க்கடை ரொட்டிக்காரர்
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு
மாவு மூடும் துணிகளைப் பின்னால் நீட்டினார்.
மருந்துக்கடை அர்தஷீர் தன் வெள்ளை அங்கியைக்
கழற்றி எறிந்தார்.
எஷ்ரத் எதையும் வாங்கவில்லை.
விளக்குக் கம்பம் ஆடி நிற்கும்வரை
அதையே பார்த்திருந்தாள்.
மாலை வெயில் அவள் தலையில் இறங்கியது.
ஒரு சின்னப் பையன் சொன்னான்,
"அத்தை, உங்கள் தலை பற்றிக்கொண்டது."
அவள் சிரித்தாள்.
அன்று முதலில் சிரித்தவள் அவள்தான்.

கிண்ணத்தைப் பார்த்தேன்.
மேலே நீலம் ஆடை கட்டியிருந்தது,
கிளறினால் அடியில் சாம்பல் பச்சை.
போயிற்று.
செடியைக் கொட்டினேன், செடியின் காலடியில்:
பூங்கா வேலியோரம்.

அன்றிரவு யாரும் வீட்டுக்குப் போகவில்லை.
பூங்காவில் கம்பளி, ஃபிளாஸ்க், தொலைபேசி வெளிச்சம்.
மஹ்தாப் தேநீரை நீட்டி
"உங்களுக்குச் சிவப்பு பொருந்துகிறது" என்றாள்.
"பொருந்தும், பொருந்தும்.
பேருந்து நிலையத்தில் பொருந்துமா?"
குழாயடியில் இரண்டு முறை
தலையை வளைத்துப் பார்த்தாள்,
தண்ணீரில் தன்னைத் தேடுவது போல.

காலையில் வந்துவிட்டாள்.
பாதிக் காசுதான் தருவேன் என்றாள்,
பாதி வேலை நேற்று நிலம் கெடுத்தது என்றாள்.
ஒப்புக்கொண்டேன்.
புதுப் பொட்டலம், புது வெந்நீர்.
சின்னச் சின்ன அதிர்வுகள் வந்துகொண்டிருந்தன,
என் கை சும்மா இருக்கவில்லை.

கறுப்பு, நீலம் மின்னும் கறுப்பு.
மேலாளன் இனி என்னவென்று கூப்பிடுவானோ.
பிடரியில், மயிர்க்கோட்டுக்குச் சற்று மேலே,
ஒரு காசு அளவுக்கு
தூரிகை படாத இடம்.
அவளிடம் சொல்லவில்லை.
கை தவறியதா என்று நீங்களும் கேட்காதீர்கள்.